இடது மேஜையில் மரணம்

“ஆ...!”

அலறியது ஹாரிகா.

மேடைக்குக் கீழே சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தவள், கிண்ணம் கைநழுவி உருண்டதைக்கூட உணரவில்லை.

மேடையில்...

இடது மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் சுவிட்சைத் தட்டிய பேராசிரியர் லட்சுமிநாராயணன் விறைத்து நின்றார். கண்கள் பிதுங்கின. பற்கள் கிட்டித்தன. அடுத்த கணம் பின்னால் தூக்கி எறியப்பட்டு, ‘வருக வருக’ பேனரையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

“கரண்ட்டு! கரண்ட்டு! மெயினை அணைங்கய்யா!”

யாரோ ஓடினார்கள். மின்விசிறிகள் முனகி நின்றன. கல்லூரி டாக்டர் மூச்சிரைக்க வந்து, நாடி பார்த்து, நெஞ்சை அழுத்திப் பார்த்து, கடைசியில் தலையை அசைத்தார்.

“உசுரு இல்லீங்க...”

சிங்காநல்லூரைத் தாண்டி, திருச்சி ரோட்டில் இருந்தது கொங்குமலர் பொறியியல் கல்லூரி. தொண்ணூற்றேழு டிசம்பரின் இதமான காலை. ‘புரோகிராம் உருமாற்றமும் ஆய்வும்’ என்ற தலைப்பில் அங்கே ஓர் ஒர்க்‌ஷாப். டில்லியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். டென்மார்க்கிலிருந்துகூட வந்திருந்தார்கள். எல்லோரும் லட்சுமிநாராயணனுக்காக வந்தவர்கள். மெதுவாக ஓடும் ஒரு புரோகிராமை, விடை துளியும் மாறாமல், வேகமாக ஓடும் இன்னொரு புரோகிராமாக உருமாற்றிக் கொடுப்பது அவர் கண்டுபிடித்த முறை. அவருடைய பெயரே அதற்கு வைக்கப்பட்டிருந்தது.

அப்பேர்ப்பட்டவர் இப்போது பேனருக்கு அடியில் கிடந்தார்.

“அய்யோ, சார் போயிட்டாரே!” என்று ஹாலே கதறிக்கொண்டிருக்க, ஹாரிகாவின் மனசுக்குள் வேறொரு வரி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர், அந்த மேஜையில் இருக்க வேண்டியதே இல்லை!

அவள் மெல்லத் தலையைத் திருப்பி மேடையின் வலது ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே பொற்கொடி நின்றிருந்தாள். முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு.

பொற்கொடி!

அந்தப் பெயரை நினைத்தாலே ஹாரிகாவுக்கு அடிவயிற்றில் எரியும். ஹாரிகாவின் அப்பாவுக்கு ஊருக்குள் ஒரு நூற்பு மில். கார், பங்களா, வீட்டிலேயே கம்ப்யூட்டர். பொற்கொடியின் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்குத் தேங்காய் உரித்தவர். அவள் அரசு விடுதிச் சாப்பாட்டில் படித்தவள். இருவரும் ஒரே வகுப்பு. ஒரே கல்லூரியில் இப்போது லெக்சரர்கள். ஆனால் படித்த காலம் முழுக்க முதல் மார்க் அவளுக்கு, இரண்டாவது இவளுக்கு. லட்சுமிநாராயணன்கூட அவளை “வா கண்ணு” என்பார். இவளை “வாங்க மேடம்” என்பார்.

இந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதே கதை. துவக்க விழா முடிந்ததும் லட்சுமிநாராயணன் தன் முறையை இடது மேஜைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுவார். அடுத்து பொற்கொடி, வலது மேஜையில், தன் ஆய்வை ஓட்டிக் காட்டுவாள்.

ஹாரிகாவுக்கு? வரவேற்புக் குழு! மூன்று வருட ஆராய்ச்சிக்குக் கிடைத்தது சந்தனக் கிண்ணம்.

இன்ஸ்பெக்டர் சென்னிமலை ஜீப்பிலிருந்து இறங்கினார். தொப்பையை முந்திக்கொண்டு மீசை வந்தது. மேடையேறி, உடலைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் வந்தா வேலைதான் போகும்னு சொன்னாங்க. உசுரே போயிருச்சே!”

யாரும் சிரிக்கவில்லை. கல்லூரி எலக்ட்ரீசியன் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் வேர்த்திருந்தது.

“ஏய்யா, தானா ஆன ஷார்ட் சர்க்யூட்டா?”

“இல்லீங் சார். எர்த்து ஒயரைத் துண்டா வெட்டி எடுத்திருக்காங்க. தகரம் பூராவும் கரண்ட்டு பாயற மாதிரி உள்ள வேலை நடந்திருக்குது. வேணும்னே செஞ்சுபோட்டாங்க.”

“கொலை!” என்றார் சென்னிமலை. “அதுசரி, இவுரு ஏன் செருப்பில்லாம கெடக்கறாரு?”

“குத்துவிளக்கு ஏத்தற மேடைங்க. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்னு சாரே கண்டிசனா சொல்லிப்போட்டாருங்க.”

“பாவம்... பக்தியே எமனா வந்திருக்குது.” ஹாலைப் பார்த்துக் குரல் உயர்த்தினார். “இது யாரு ஓட்டற மெஷினுங்க?”



பொற்கொடி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“என்ற மெஷினுங்க.”

“உங்க மெஷினா? அப்ப சாரு ஏன் அதைத் தொட்டாரு?”

“ரெண்டும் ஒரே மாதிரி பொட்டிங்க. உள்ளதான் வேற. என்றது புதுசு. சாரோடது பழசு. என்றது வலது மேஜையில இருந்திருக்கணும்...”

“இருந்திருக்கணும். ஆனா இடது மேஜையில இருக்குது!” சென்னிமலையின் கண்கள் சுருங்கின. “வாங்க அம்மணி. உக்காந்து பேசுவோம்.”

பிரின்சிபால் அறை. வரவேற்புக் குழு என்பதால், வந்தவர்களைப் பற்றிக் கேட்க ஹாரிகாவையும் அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள்.

“நேத்து சாயங்காலம் ஹால்ல கடைசியா இருந்தது யாருங்க?”

“நான்தானுங்க,” என்றாள் பொற்கொடி. “மெஷினை ஒருவாட்டி ஓட்டிப் பாத்தேன். நல்லா ஓடுச்சு. ஹாலைப் பூட்டிச் சாவியைச் சாருகிட்டக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிட்டேன்.”

“ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க. அந்த மெஷினைப் பாகம் பாகமாப் பூட்டினதே நான்தான்.”

“சபாஷ்! போன வாரம் சாரு ரூம்ல உங்களுக்கும் அவருக்கும் சண்டையாம். பியூன் கேட்டிருக்கான். ‘இதை மேடையில சொல்லாதே’ன்னு அவர் கத்த, ‘சொல்லாம இருக்க மாட்டேன்’னு நீங்க கத்த... உண்டுங்களா இல்லீங்களா?”

பொற்கொடி தலை குனிந்தாள்.

“உண்டுங்க.”

“அவ்வளவுதான், முடிஞ்சுது!” சென்னிமலை எழுந்தார். “உங்க மெஷினு. கடைசியா இருந்தது நீங்க. வேலை தெரிஞ்ச கை உங்களுது. சண்டையும் உங்களுது. கரண்ட்டு வெச்ச பொட்டியை அவர் மேஜைக்கு எடம் மாத்தி வெச்சுப்போட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி நின்னிருக்கறீங்க!”

“நான் மாத்தலீங்க!”

“பின்னே யாரு மாத்துனாங்க? அதுவா எந்திரிச்சு நடந்து போச்சா?”

ஹாரிகா அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏனென்றால்...

மாற்றியது அவள்தான்!

காலையில், கூட்டுகிற சுப்பாத்தாளைத் தவிர வேறு யாரும் வருவதற்கு முன், இரண்டு பெட்டிகளையும் கழற்றி இடம் மாற்றினாள். பழைய மெஷினில் பிளாப்பியைப் போட்டால் பொற்கொடியின் புரோகிராம் ஆமையாக ஊரும். டென்மார்க்காரர் கொட்டாவி விடுவார். டில்லிக்காரர் கடிகாரம் பார்ப்பார். சந்தனக் கிண்ணத்தோடு கீழே நின்று, அதை ஆசை தீரப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

அதற்குள் கரண்ட் இருந்தது அவளுக்குத் தெரியாது! மாற்றும்போது சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால்...?

லேடி கான்ஸ்டபிள் பொற்கொடியின் கையைப் பிடித்தாள்.

அந்தக் கணத்தில் ஹாரிகாவுக்குள் ஒரு குரல் கிசுகிசுத்தது. ‘பேசாமல் இரு. போகட்டும். இனி எல்லா மேடையும் உனக்குத்தான். மாற்றியது யார் என்று சுப்பாத்தாளை யார் கேட்கப் போகிறார்கள்?’

இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

வாசல்வரை போன பொற்கொடி திரும்பினாள்.

“ஹாரிகா...”

“எ... என்ன?”

“நாளைக்கு ஒர்க்‌ஷாப் நடந்தா என்ற பேச்சை நீங்களே பேசிருங்க. டென்மார்க்கு சார் அதைக் கேக்கக் காத்திருக்காரு. ஸ்லைடு பூராவும் என்ற பையில இருக்குதுங்க. இந்தக் காலேஜ்ல உங்களைத் தவிர வேற யாருக்கும் அது புரியாது.”

சொல்லிவிட்டு நடந்தாள்.

ஹாரிகாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. இத்தனை வருடத்தில், இவளுக்குப் புரியும் என்று சொன்ன முதல் ஆள்!

ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“நில்லுங்க!”

ஹாரிகா ஓடினாள். சேலைத் தலைப்பு கதவில் சிக்கிக் கிழிய, பொருட்படுத்தாமல் வராந்தாவில் ஓடினாள்.

“சார்! மெஷினை மாத்தி வெச்சது நானுங்க!”

சென்னிமலை திரும்பினார். மீசை ஒரு பக்கமாக உயர்ந்தது.

“என்ன அம்மணி சொல்றீங்க?”

“பொறாமைங்க. அவ புரோகிராம் மெதுவா ஓடி அசிங்கப்படணும்னு காலையில நான்தான் ரெண்டையும் மாத்துனேன். கரண்ட்டு இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!”

வேடிக்கை பார்க்க நின்ற லெக்சரர்கள், பியூன்கள், டில்லிக்காரர் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவமானம் காதுமடல்வரை சுட்டது. ஆனாலும் நெஞ்சு லேசாகியது.

“அப்பப்பா!” சென்னிமலை கைதட்டினார். “அப்ப கரண்ட்டு வெச்சதும் நீங்கதானுங்களாட்ட இருக்குது?”

“இல்லீங்க! மேடையைக் கூட்டிட்டு இருந்த சுப்பாத்தாளைக் கேளுங்க. வெளியில இருக்கற ஒயரைக் கழட்டி மாட்டுனதோட சரி. பொட்டியைத் திறக்கவே இல்லீங்க.”

சுப்பாத்தாள் துடைப்பத்தோடு முன்னால் வந்தாள்.

“ஆமாங் சாமி. இந்த அம்மணி வாரப்பவே நானும் உள்ள வந்துட்டனுங்க. பொட்டியைத் தூக்க முடியாம தூக்கி அக்கட்டால வெச்சாங்க. நான்கூட ஒரு கை பிடிக்கட்டுங்களான்னு கேட்டேன். வேண்டாம்னு போட்டாங்க. திறக்கலீங்க.”

சென்னிமலை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“இவுங்களும் இல்லை, அவுங்களும் இல்லைன்னா... எங்கிருந்து ஆரம்பிக்கறது?”

“கடைசியில இருந்துங்க,” என்றாள் ஹாரிகா.

“என்னது?”

“பொற்கொடி பேச இருந்ததே அதைப் பத்தித்தானுங்க. ஸ்லைஸிங்னு பேரு. ஒரு புரோகிராம்ல தப்பான விடை வந்தா, முதல் வரியில இருந்து படிக்க மாட்டோம். விடையில இருந்து பின்னாடி போவோம். அந்த விடையைத் தொட்ட வரியை மட்டும் வெச்சுக்குவோம். தொடாத வரியெல்லாம் தூக்கி எறிஞ்சுருவோமுங்க.”

“எங்க டிபார்ட்மெண்ட்ல தொடாத ஆளையும் சேர்த்துத்தான் அள்ளிட்டு வருவோம். சரி, போங்க பின்னாடி. நானும் வாரேன்.”

ஹாரிகா கண்களை மூடித் திறந்தாள்.

“சார் செத்தது இடது மேஜை மெஷின்ல. அது அங்க வந்தது என்னால. நான் தொடாம இருந்திருந்தா அது வலது மேஜையிலயே இருந்திருக்கும். அதைத் தொட்டுச் செத்திருக்க வேண்டியது...”

“பொற்கொடி அம்மணி!”

“ஆமாங்க! குறி அவளுக்குத்தானுங்க. சாருக்கு இல்லை.”

ஜீப் பக்கத்தில் நின்ற பொற்கொடி, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“தன்னைக் கொல்ல யாராச்சும் தானே கரண்ட்டு வெப்பாங்களா? அதனால பொற்கொடி இல்லை. நேத்து சாயங்காலம் அவ ஓட்டுனப்ப மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. காலையில சாருகிட்டச் சாவி வாங்கி நான் திறந்தப்ப சுப்பாத்தாளும் கூடவே வந்துட்டாங்க. அப்ப நடுவுல ராத்திரிதான் மிச்சம். நடுவுல ஹாலு பூட்டியிருந்துச்சு.”

“சாவி?”

“ஒரே சாவிங்க. ராத்திரி சாருகிட்டத்தான் இருந்துச்சு.”

“எந்த சாரு?”

ஹாரிகாவின் கண்கள், ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சரின் பக்கம் போயின. வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு வெறுங்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

சென்னிமலையின் வாய் திறந்தது.

“செத்துப்போன சாரா...?!”

“செருப்பைக் கழட்டச் சொன்னது யாருங்க? அவரு! பொற்கொடி மெஷினை அவளைத் தவிர வேற ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு காலையில மைக்குல சொன்னது யாருங்க? அவரு! வலது மேஜைக்குப் பக்கத்துலயே போகாம, சுத்திக்கிட்டு வந்து இடது மேஜையில நம்பிக் கையை வெச்சது யாருங்க?”

ஹாரிகா ஹால் பக்கம் கையை நீட்டினாள்.

“அதுதான் பத்திரமான மெஷின்னு நெனச்சுட்டாருங்க...!”



சென்னிமலை பொற்கொடியிடம் போனார். குரலில் இப்போது அதட்டல் இல்லை.

“அம்மணி, அன்னைக்கு என்ன சண்டைங்க? மறைக்காம சொல்லுங்க.”

பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சாரோட முறையில ஒரு ஓட்டை இருக்குதுங்க. அந்த முறையில உருமாத்துன புரோகிராம், சில சமயத்துல தப்பான விடை குடுக்கும். ஓட்டிப் பாக்காமலே அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும் என்ற ஆய்வு. நிரூபிச்சுட்டேன். சாருகிட்ட முதல்ல காட்டணும்னு போனேன். மொதல் நாள் கத்தினாரு. ‘நேத்துப் பொறந்தவ என்ற பேரை அழிக்கப் பாக்கறியா’ன்னாரு...”

“அப்புறம்?”

“மறுநாள் அவரே கூப்பிட்டாருங்க. சிரிச்சாரு. ‘உண்மை பெருசு கண்ணு, தைரியமா மேடையிலயே சொல்லு’ன்னாரு. நான் காலுல உழுந்து கும்பிட்டுட்டு வந்தேன்.”

அவளுடைய கண்ணில் அப்போதுதான் முதல் சொட்டு நீர் வழிந்தது.

ஹாரிகா நின்ற இடத்திலேயே நின்றாள். ‘வா கண்ணு’ என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் தனக்கு எரிந்ததே... அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தன்னுடையதைவிடப் பெரிய அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது!

லட்சுமிநாராயணனின் காரைச் சோதனை போட ஆள் பறந்தது. போன வேகத்தில் திரும்பியது. டேஷ்போர்டுக்குள் ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்குரூ டிரைவர்... கைக்குட்டையில் சுற்றிய ஒரு துண்டு பச்சை ஒயர்!

எலக்ட்ரீசியன் அந்தத் துண்டை மெஷினுக்குள் வெட்டுப்பட்டிருந்த முனையோடு வைத்துப் பார்த்தார்.

“அச்சாப் பொருந்துதுங் சார்!”

வெயில் சாய்ந்திருந்தது. டென்மார்க்காரரும் மற்றவர்களும் கூடிப் பேசி, ஒர்க்‌ஷாப்பை நிறுத்த வேண்டாம், நாளைக்குப் பொற்கொடியின் பேச்சோடு தொடங்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

காலியான ஹாலின் படிக்கட்டில் ஹாரிகாவும் பொற்கொடியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஆறிப்போன இரண்டு டீ.

“மன்னிச்சுரு பொற்கொடி.”

“எதுக்குங்க? நீங்க மாத்தலைன்னா இந்நேரம் எங்கம்மா பொள்ளாச்சியில இருந்து அழுதுட்டு பஸ்ஸேறியிருக்கும்.”

“நல்ல எண்ணத்துல மாத்தலையே...”

“தெரியுமுங்க. காலையில மேடைக்கு வந்ததுமே பாத்துட்டேன், மெஷின் மாறியிருக்குதுன்னு. நானே பூட்டுன பொட்டி எனக்குத் தெரியாதுங்களா? எனக்கு முந்தி வந்தது நீங்க மட்டுந்தானுங்களே.”

ஹாரிகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“பாத்தியா! அப்பவே ஏன் கேக்கலை?”

“கேட்டு என்ன பண்ண? அந்தப் பழைய மெஷின்லதான் நான் அந்தப் புரோகிராமை எழுதுனதே. அதுலயும் ஜம்முனு ஓடுமுங்க.”

ஹாரிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செய்த துரோகம்கூட உருப்படியாக இல்லை!

“சரி... போலீசு பிடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே? ஹாரிகாதான் மாத்துனான்னு?”

“சொன்னா உங்களைப் பிடிச்சிருப்பாங்க. கரண்ட்டு வெக்கற அளவுக்கு நீங்க போக மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களே வந்து சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

பொற்கொடி டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

“ஸ்டேஷன் வரைக்கும் பாத்திருப்பேன். அங்க போனதும் சொல்லிப்போட்டிருப்பேன். தியாகம் பண்ற அளவுக்கெல்லாம் நான் நல்லவ இல்லீங்க.”

ஹாரிகா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே, இதிலும் இவள் நம்மைவிட ஒரு படி மேலேதான் நிற்கிறாள் என்று உள்ளே லேசாக எரிந்தது. கொஞ்சமாகத்தான். பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்குத்தான்.

“நாளைக்குப் பேசறப்ப நீங்களும் மேடைக்கு வாங்க,” என்றாள் பொற்கொடி. “முதல் பாதி நான். ரெண்டாவது பாதி நீ.”

பழகிய இத்தனை வருடத்தில் முதல் ‘நீ’!

ஹாரிகா பதில் சொல்வதற்குள் பின்னால் பூட்ஸ் சத்தம். சென்னிமலை! கையில் காகிதக் கட்டு, காதில் பேனா, முகத்தில் கவலை.

ஹாரிகா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“சார்... என்ற மேல கேஸ் உண்டுங்களா?”

“பொட்டியை எடம் மாத்தி வெச்சதுக்கா? அப்புறம் ஊடு மாத்தறவனையெல்லாம் உள்ள வெக்க வேண்டி வரும். ஒரு வாக்குமூலம் மட்டும் குடுத்துட்டுப் போங்க.”

“பின்னே ஏனுங் சார் மூஞ்சி வாடியிருக்குது? கேஸ்தான் முடிஞ்சுபோச்சே?” என்றாள் பொற்கொடி.

சென்னிமலை பெருமூச்சு விட்டார்.

“முடிஞ்சுது அம்மணி, எழுதத்தான் முடியலை. ‘இறந்தவர்’னு போட்டு லட்சுமிநாராயணன். ‘குற்றவாளி’ன்னு போட்டும் லட்சுமிநாராயணன். இப்படியே அனுப்பி வெச்சா, ‘ஏய்யா சென்னிமலை, நடுவுல இருந்த கார்பன் பேப்பரை எடுக்க மறந்துட்டியா’ன்னு கமிஷனர் கேப்பாருங்க!”